பெரிய ஆசாரியின் அச்சு

தட்டார் குடும்பத்தில் பிறந்தும் சுத்தியலைத் தொடாமல் கணக்கு எழுதப் போய்விட்ட நான், அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவாஹோ மக்களின் வெள்ளி வேலையைக் காட்டும் காணொளி ஒன்றைப் போன வாரம் திருநெல்வேலி டவுனில் பெரியப்பாவுடன் அமர்ந்து பார்த்தேன். கண் மங்கி, பட்டறையை மூடிப் பல ஆண்டுகள் ஆகியும், கைபேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டு அவர் அதை மூன்று முறை ஓடவிட்டார்.

அங்கே இத்தொழிலுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அட்சிதி சானி. அப்பெயருக்கு முதிய கொல்லர் என்று பொருள். நாம் ‘பெரிய ஆசாரி’ என்பதைப் போல. அவர் முதலில் கற்றது இரும்பு வேலை. 1864இல் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட அம்மக்கள் 1868இல் திரும்பிய பிறகுதான் வெள்ளி வேலை பரவலாயிற்று. டாலர் வெள்ளி நாணயமும் மெக்சிகோவின் பெசோ நாணயமும் உருகி வளையலாயின. இன்று 92.5 விழுக்காட்டு வெள்ளி தகடாகவே விலைக்குக் கிடைக்கிறது.

ஆனால் வெள்ளியில் அடித்து உருவம் பதிக்கும் அச்சை விலைக்கு வாங்காமல் தாமே வெட்டிக்கொள்ளும் கொல்லர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய அரத்தையோ உளியையோ காய்ச்சி ஆறவிட்டு இளக்கி, நுனியில் பிறையோ முக்கோணமோ அராவி, மீண்டும் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து இறுகச் செய்யும் துவைச்சல் போடுகிறார்கள். கொடிபோல் ஓடும் வரிசை முழுவதும் அந்த ஒரே பிறையைத் திருப்பித் திருப்பி அடித்ததுதான். அடிக்க அடிக்க வெள்ளி இறுகுமாதலால் இடையிடையே காய்ச்சவும் வேண்டும்.

பெரியப்பா அதிகம் வியந்தது வார்ப்பைப் பார்த்து. எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான கல்லை இரண்டாக அறுத்து, முகங்களைத் தேய்த்துப் பொருத்தி, ஒன்றில் உருவத்தையும், வெள்ளி இறங்கும் வாயையும், காற்றுப் போக்குகளையும் கத்தியால் குடைகிறார்கள். வார்ப்பதற்கு முன் உட்புறத்தைப் புகைச்சுடரில் காட்டியபோது, விளக்கம் வருவதற்குள் அவரே சொன்னார்: “கரி பிடிக்கலன்னா கல்லு வெள்ளிய விடாதுல்லா.” காப்பு தட்டையாகத்தான் வெளிவருகிறது, பிறகே வளைக்கிறார்கள். கல்லின் சொரசொரப்பைச் சிலர் வேண்டுமென்றே மெருகிடாமல் விடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் அழகு.

நம் பக்கம் அந்தக் கல் ஏது? அதற்குப் பதிலாக, கொல்லையில் உடைந்து கிடக்கும் மாக்கல் சட்டியைக் கழுவி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். “அது காத்த குடிக்காது, போக்கு கூடுதலா வெட்டணும்” என்று இப்போதே கணக்குப் போடுகிறார்.