20.1 மெகாஹெர்ட்ஸில் வியாழன்: மொட்டைமாடி டைபோல் அனுபவம்

டைபோல் (நடுவில் பிரித்த இரு கம்பி ஆன்டெனா) கட்டியாயிற்று, வியாழன் கோள் வீசும் ரேடியோ அலையும் கேட்டாயிற்று. இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று செய்ததை எழுதி வைக்கிறேன்.

ஏன் வியாழன்? பெரிய கோள்கள் நான்குக்குமே காந்தப்புலம் உண்டு. அதில் சுற்றும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலை வீசுகின்றன. எந்த அதிர்வெண்ணில் என்பதைப் புலத்தின் வலிமைதான் முடிவு செய்கிறது: ஒரு காஸுக்கு (காந்தப்புல வலிமையின் அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ். சனி, யுரேனஸ், நெப்டியூன் மூன்றிலும் இப்படி வரும் அலைகள் ஒன்றரை மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. அவை பூமியின் மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தைத் துளைத்துக் கீழே வராது. வியாழன் மட்டும் கிட்டத்தட்ட 40 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. 1955இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் இருவரும் 22.2 மெகாஹெர்ட்ஸில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாகச் சிக்கியது இது.

ஆர்வலர்கள் வியாழனைக் கேட்கும் நாசாவின் ரேடியோ ஜோவ் திட்டத்தில் இருப்பவர்கள் 20.1 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறார்கள். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். 20.1ஐ 2.8ஆல் வகுத்தால் சுமார் 7.2 காஸ். அதாவது இந்த அதிர்வெண்ணில் வியாழனிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தமும், அதன் மேகங்களுக்கு மேலே புலம் 7.2 காஸ் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பியது. நான் இருக்கும் திருநெல்வேலிப் பக்கம் பூமியின் புலம் 0.4 காஸ்தான்.

கட்டுவது எளிது. ஒவ்வொரு பக்கமும் 11 அடி 8 அங்குலம் செம்புக் கம்பி, நடுவில் கோஆக்சியல் கேபிள், இரண்டு முனையிலும் பிவிசி பைப் கம்பம். கிழக்கு மேற்காகக் கட்டினேன். 2026 ஜனவரியில் வியாழன் மிதுனத்தில் இருந்ததால் நடு இரவு தாண்டிக் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நின்றது. படுக்கைவாக்கில் கட்டிய டைபோல் நன்றாகக் கேட்பதும் அந்தத் திசையில்தான். கேபிள் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் (வேண்டிய அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டி) வழியாக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளுக்கு (கணினியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) போகிறது. ஃபில்டர் இல்லாவிட்டால் பலமான சிற்றலை நிலையங்கள் டாங்கிளைத் திணறடித்துவிடும்.

உண்மையான போராட்டம் இரைச்சலோடுதான். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாமே 20 மெகாஹெர்ட்ஸில் கத்துகின்றன. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கேபிள் வழியே ஏறும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையங்களை அதில் மாட்டிய பிறகு நல்ல வித்தியாசம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 50 ஓம் சுமையை (ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு மின்தடை) மாட்டிப் பாருங்கள். மீண்டும் ஆன்டெனாவை மாட்டும்போது இரைச்சல் தெளிவாக ஏற வேண்டும். அந்த ஏற்றம் பக்கத்து வீட்டுச் சத்தமாக இல்லாமல் பால்வெளியின் பின்னணி இரைச்சலாக இருந்தால் உங்கள் ஏற்பாடு தயார்.

அப்புறம் நேரம். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது. அயோ என்ற நிலவு 42 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து அதைச் சுற்றி வருகிறது. அயோவின் எரிமலைகள் கக்கும் பொருளில் நொடிக்கு ஒரு டன் அளவு காந்தப்புலத்தில் போய்ச் சேருகிறது. அயோ அந்தப் புலத்தை அறுத்துக்கொண்டு ஓடும்போது மின்னோட்டம் உண்டாகி, எலக்ட்ரான்கள் புலக்கோடுகள் வழியே வியாழனுக்குப் பாய்கின்றன. அலை எல்லாத் திசையிலும் போவதில்லை. உள்ளே வெறுமையான கூம்பு ஒன்றின் மெல்லிய சுவர் வழியாக மட்டும் போகிறது. அந்தச் சுவர் பூமியைத் தொடும்போதுதான் நமக்குக் கேட்கும். அதனால் வியாழனின் எந்த முகம் நம் பக்கம் இருக்கிறது, அயோ எங்கே நிற்கிறது என்ற இரண்டும் ஒத்து வர வேண்டும். அயோவின் பங்கை 1964இல் பிக் என்பவர் கண்டுபிடித்தார். இந்தக் கணக்கைப் போட்டுத்தர மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படி இரண்டும் ஒத்து வரும் நிலைகளில் ஒன்றான அயோ-பி என்ற வாய்ப்புக்குத்தான் நான் காத்திருந்தேன்.

இங்கே முன்னிரவு சரிவராது. காந்த நடுக்கோடு நம் தலைக்குப் பக்கத்தில் போவதால் சூரியன் மறைந்த பின்னும் அயனி மண்டலம் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். தூர நாட்டு நிலையங்களும் குறுக்கே வரும். நள்ளிரவு தாண்டினால் அடங்குகிறது.

அப்படி ஓர் அயோ-பி வாய்ப்பில்தான் வந்தது. முதலில் இரைச்சல் தானாக ஏறி, ஓரிரு நொடி நின்று, இறங்கியது. கடல் அலை கரையில் ஏறி வடிவதுபோல. இதை எல்-பர்ஸ்ட் (நீண்ட வெடிப்பு) என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் படபடவென்று எஸ்-பர்ஸ்ட்கள் (குறுகிய வெடிப்புகள்). மின்னல் என்று முதலில் சந்தேகம் வரும். பதிவை மெதுவாக்கி, நேரத்தோடு அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் விரித்துப் பார்த்தேன். மின்னல் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே கணத்தில் அடிப்பதால் சாய்வில்லாத கோடாக விழும். இவையோ சாய்ந்த கோடுகள். 21.1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 19.1க்கு இறங்க நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

அந்தச் சாய்வைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழனுக்கு அருகே போய்த் திரும்பும் எலக்ட்ரான்கள் மேலே ஏறுகின்றன. ஏற ஏறப் புலம் குறைகிறது, அதிர்வெண்ணும் இறங்குகிறது. 7.5 காஸிலிருந்து 6.8 காஸ் வரை அவை ஏறியதைத்தான் அந்தச் சின்னக் கோடு காட்டுகிறது. 2016இல் போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலம் அருகில் பறந்து அளந்த அதே புலம், 35 நிமிடம் பயணித்து வந்த ரேடியோ அலையில் என் மாடிக் கம்பிக்கும் தெரிகிறது.

அடுத்த வேலை, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு டைபோல்கள். வியாழனின் வட பாதியிலிருந்து வரும் அலை வலப்பக்கமாகவும், தென் பாதியிலிருந்து வருவது இடப்பக்கமாகவும் சுழலும். இரண்டையும் பிரித்துக் கேட்டால் எந்தப் பாதி பேசுகிறது என்று தெரிந்துவிடும். 2026 ஜூலைக் கடைசியில் வியாழன் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அதற்குப் பிறகு கிழக்கே விடியற்காலையில் மேலேறி வரும்போது இந்த ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். இரண்டாவது கம்பியை அளந்து வெட்டியாயிற்று.