ஊசல் சொன்ன 10.88

அறிவியல் தேர்வின் முடிவு வந்து நான்கு நாளாகிறது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முயற்சியில் எழுத்துத் தேர்வில் இந்த முறையைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகவே வாங்கியிருந்தேன். கவிழ்த்தது செய்முறைத் தேர்வு. அதிலும் தனி ஊசல், அதாவது நூலில் தொங்கும் உலோகக் குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனை. சின்னப் பிள்ளைகள் செய்கிற சோதனை என்று சொல்லி ஒருநாள்கூடப் பயிற்சி எடுக்காமல் போன அதே ஊசல்.

இதே தேர்வுக்குப் படிக்கும் உங்களுக்கு அதன் அமைப்பும் பாடத்திட்டமும் தெரியும். சோதனைமுறை, சூரியக் குடும்பம் என்ற இரண்டு அலகுகளில் எனக்கு எங்கே அடி விழுந்தது, எப்படிச் சமாளித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நீள ஊசல். குண்டை விடும்போதே "ஒன்று" என்று சொல்லி நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினேன். "இருபது" என்றதும் நிறுத்தினேன். 38.1 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.88 வந்தது. வரவேண்டியது 9.8. நீளத்தை மாற்றி இன்னும் நான்கு முறை செய்தேன். நான்கிலும் 10.8, 10.9 என்றே வந்தது. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது செய்த காரியத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. 9.8 வரவேண்டுமானால் நேரம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பின்னிருந்து கணக்கிட்டு, அந்த எண்களை அட்டவணையில் நிரப்பினேன். ஒரு மீட்டருக்கு எதிரே 40.1 என்று எழுதினேன். ஐந்து வரிசையிலும் 9.80 வந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றை மட்டும் 9.79 ஆக்கினேன். என் நேர்மையின் அளவு அந்த 0.01.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு மீட்டருக்கு மட்டும் என் முன்னால் ஒருமுறை எடுங்கள்" என்றார். எடுத்தேன். மறுபடியும் குண்டை விடும்போது "ஒன்று". மறுபடியும் 38 விநாடிச் சொச்சம். அவர் 40.1 மேல் விரலை வைத்து, "இது யாருடைய ஊசல்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மாதம் அவர்மீது கோபமாக இருந்தேன். பிறகு ஒரு நாள் வீட்டில் கயிற்றில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு எண்ணியபோதுதான் விளங்கியது. விடும்போதே "ஒன்று" என்று சொன்னால், "இருபது" வரும்போது முடிந்திருப்பவை பத்தொன்பது அலைவுகள் (குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு). பத்தொன்பது அலைவுக்கான நேரத்தை இருபதால் வகுத்திருக்கிறேன். அலைவுக்காலம், அதாவது ஓர் அலைவுக்கான நேரம், 5 சதவீதம் குறைகிறது. சூத்திரத்தில் அது வர்க்கமாகி வகுக்கும் இடத்தில் இருப்பதால் விடை ஏறக்குறைய 11 சதவீதம் ஏறுகிறது. ஊசல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. 10.88 என்ற எண்ணுக்குள்ளேயே என் தவறு எழுதி வைக்கப்பட்டிருந்தது; நான் அதை அழித்துவிட்டு 9.8 எழுதினேன்.

இதைத்தான் இந்த முழுக் கட்டுரையிலும் சொல்லப்போகிறேன். வந்த எண்ணை எழுதுங்கள். அது ஏன் அப்படி வந்தது என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் மதிப்பெண்.

செய்முறைக்கு நான் வைத்திருக்கும் பட்டியல்:

- விடும்போது "சுழியம்". அடுத்த முறை அதே பக்கம் வந்ததும் "ஒன்று".
- முதலில் பத்து அலைவு, பிறகு இருபது அலைவு என்று தனித்தனியே எடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. என் தவறோடு ஒரு மீட்டர் ஊசலைப் பத்து எண்ணினால் அலைவுக்காலம் 1.81 விநாடி வரும், இருபது எண்ணினால் 1.91. இந்த ஒரு சரிபார்ப்பு தெரிந்திருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும்.
- நீளம் என்றால் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை. நூலின் நுனி வரை அன்று.
- வீச்சு, அதாவது குண்டு பக்கவாட்டில் விலகும் அளவு, சிறியதாக இருக்கட்டும்.
- திருத்த வேண்டிய எண்ணை ஒரே கோட்டால் அடியுங்கள். அழிப்பானைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

வரைபடத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அலைவுக்காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சாய்விலிருந்து முடுக்கத்தைக் கணக்கிடலாம். நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரை மட்டும் அளந்திருந்தால், எல்லாப் புள்ளிகளும் குண்டின் ஆரம் அளவுக்கு ஒருபக்கம் நகரும். கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது, ஆனால் சாய்வு மாறாது; விடை தப்பித்துவிடும். எண்ணிக்கைத் தவறு அப்படிப்பட்டதன்று. எல்லா நேரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்குவதால் கோடு ஆதிப்புள்ளி வழியாகவே அழகாகப் போகும், சாய்வுதான் தவறாக இருக்கும். கோடு அழகாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

முறையான பிழை, சமவாய்ப்புப் பிழை என்ற வேறுபாட்டை எத்தனையோ முறை மனப்பாடம் செய்தவன் நான். கடிகாரத்தை அழுத்தக் கை தாமதிப்பது சமவாய்ப்புப் பிழை; ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும். பலமுறை எடுத்துச் சராசரி கண்டால் அடங்கும். தாமதம் 0.2 விநாடி என்று வையுங்கள். இரண்டு விநாடி கொண்ட ஓர் அலைவில் அது 10 சதவீதம். இருபது அலைவில் 0.5 சதவீதம். இருபது எண்ணச் சொல்வது அதற்காகத்தான். என் எண்ணிக்கைத் தவறோ முறையான பிழை; ஆயிரம் முறை எடுத்தாலும் அதே திசையில்தான் இழுக்கும். என் ஐந்து அளவீடுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன, ஐந்துமே உண்மைக்கு வெகுதூரத்தில் இருந்தன. நுட்பமும் துல்லியத்தன்மையும் வேறு வேறு என்பதற்கு என் பழைய அட்டவணையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இனி அடுத்த அலகு, சூரியக் குடும்பம்.

இந்த முறை எழுத்துத் தேர்வில், கணிப்போடு பொருந்தாத அளவீடு அறிவியலில் என்ன செய்யும் என்று எடுத்துக்காட்டோடு விளக்கச் சொல்லி ஒரு நெடுவினா. சிரிப்பே வந்துவிட்டது. யுரேனஸை எழுதினேன். 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கோள்; கணக்கிட்ட பாதையிலிருந்து அது விலகிக்கொண்டே போனது. யாரும் அளவீட்டைத் திருத்தி எழுதவில்லை. வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பியபோது, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

அத்தோடு நிறுத்தாமல் புதனையும் எழுதினேன். அதன் சூரிய அண்மைநிலை, அதாவது பாதையில் சூரியனுக்கு மிக அருகே வரும் புள்ளி, நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) அளவுக்கு, நியூட்டன் கணக்கில் அடங்காமல் நகர்ந்தது. அதே லெவெரியே, அதே முறையில், சூரியனுக்கு அருகே வல்கன் என்றொரு கோள் இருக்கவேண்டும் என்றார். தேடினார்கள், அப்படியொன்று இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்த பிறகுதான் அந்த 43க்குக் கணக்குத் தீர்ந்தது. ஒருமுறை பொருந்தாத எண் புதிய கோளைக் கொடுத்தது, மறுமுறை விதியையே மாற்றியது. என்னிடம் வந்திருந்தால் இரண்டையும் அழித்திருப்பேன்.

எனக்கு மனப்பாடம் வராது. அதனால் கோள் அட்டவணையில் நான் நினைவில் வைத்தது ஒரே ஒரு வரிசை. புதன் முதல் நெப்டியூன் வரை சூரியனிலிருந்து தூரம், வானியல் அலகில் (பூமியின் தூரம் 1): 0.39, 0.72, 1, 1.52, 5.2, 9.54, 19.2, 30.1. சுற்றுக்காலத்தைக் கெப்ளரின் மூன்றாம் விதி கொடுத்துவிடும். தூரத்தை முப்படியாக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஆண்டு கிடைக்கும். வியாழனுக்கு 5.2இன் முப்படி ஏறத்தாழ 140.6. பன்னிரண்டின் வர்க்கம் 144, ஆகவே பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. உண்மையான விடை 11.86 ஆண்டு. புதனுக்கு மட்டும் 88 நாளுக்குப் பதில் 89 வரும், தூரத்தை முழுமையாக்கியதன் விளைவு. நினைவாற்றல் உள்ளவர்கள் அட்டவணையையே படித்துவிட்டுப் போகலாம்; எனக்குப் பொறாமைதான்.

வழுக்கும் இடங்கள்:

- வெள்ளி தன்னைச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். "நாள் ஆண்டைவிட நீளம்" என்று உடனே குறிக்காதீர்கள். சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை கேட்டால் அங்கே ஏறக்குறைய 117 பூமி நாள்கள்தான், ஏனென்றால் அது எதிர்த்திசையில் சுழல்கிறது. வினா எந்த நாளைக் கேட்கிறது என்று பாருங்கள்.
- மிகச் சூடான கோள் வெள்ளி. புதன் அன்று. காற்று மண்டலத்தில் 96 சதவீதம் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு.
- பிறைகளுக்குப் பூமியின் நிழல் காரணமன்று. நிழல் விழுந்தால் அது கிரகணம்.
- நிலவு பூமியைச் சுற்ற 27.3 நாள், முழுநிலவிலிருந்து முழுநிலவு வரை 29.5 நாள். பூமியும் அதற்குள் நகர்ந்துவிடுகிறது.
- மாதந்தோறும் கிரகணம் ஏன் இல்லை: நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது.

பிறைகளைப் படம் பார்த்துப் படித்தவரை எனக்குக் குழப்பமே மிஞ்சியது. இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். அரை நிமிடம். அதன்பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

பருவகாலத்தைப் பாடமாகப் படிக்காமல் ஒரு சோதனையாகப் படியுங்கள், சோதனைமுறை, சூரியக் குடும்பம் என்ற இரண்டு அலகும் ஒரே நேரத்தில் முடியும். கருதுகோள்: தூரத்தால் பருவம் மாறுகிறது. அப்படியானால் பூமி முழுவதும் ஒரே சமயத்தில் கோடை வரவேண்டும். வருவதில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.71 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி தொடக்கத்தில். வடக்கே அப்போது குளிர்காலம். கருதுகோள் விழுந்தது, 23.4 பாகை அச்சுச் சாய்வு நின்றது. நீளம் சாரா மாறி (நாம் மாற்றுவது), அலைவுக்காலம் சார்ந்த மாறி (அதனால் மாறுவது) என்று ஊசலிலேயே சுற்றிக்கொண்டிருக்காமல் வானத்திலும் மாறிகளைத் தேடிப் பழகுங்கள். 1971இல் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாக விழுந்தன. அங்கே நீக்கப்பட்ட காரணி காற்று. இப்படி ஒரு வரி எழுதினால் விடை உயிர் பெறும்.

குழுவாகப் படிப்பது பற்றிக் கேட்காதீர்கள், எனக்கு ஒத்துவராது. காணொளிகள் பார்த்தேன், பார்க்கும்போது எல்லாம் புரிந்தது, தாளை எடுத்தால் ஒன்றும் வரவில்லை. பென்சிலும் வெற்றுத் தாளும் போதுமானதாக இருந்தன.

இரண்டாம் முறை செய்முறையிலும் எனக்கு வாய்த்தது ஊசலேதான். 9.8 வரவில்லை, 9.67 வந்தது. எழுதினேன். கீழே, நூலின் முடிச்சு ஆடும்போது நழுவியதையும், அதனால் ஊசல் நான் அளந்ததைவிட நீண்டிருக்கக்கூடும் என்பதையும் எழுதினேன். தேர்வாளர் வேறொருவர். படித்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். குண்டை விடும்போது நான் "சுழியம்" என்று உரக்கச் சொன்னதற்குப் பக்கத்து மேசைக்காரர் மட்டும் ஐந்து முறையும் திரும்பிப் பார்த்தார்.