தீயணைப்புத் திட்டத்தில் லயன்களுக்குரிய இடம்

இலங்கை மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன் ஒன்று எரிந்தால், எத்தனை வீடுகள் சேதமடைந்தன, எத்தனை குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் தங்க வைக்கப்பட்டன என்ற விபரங்கள் மறுநாள் செய்தியில் வரும். மின்னொழுக்கே காரணமாக இருக்கலாம் என்று பொலிஸார் சந்தேகிப்பதாக ஒரு வரியும் வரும். தீயணைப்பு வண்டி வந்து சேர எவ்வளவு நேரம் எடுத்தது, வந்த வண்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது, தீ தொடங்கிய நேரத்தில் லயனில் யார் யார் இருந்தார்கள் என்பவற்றை அந்தச் செய்திகளில் காண்பது அரிது. ஒரு பிரதேசத்தின் தீயணைப்புச் சேவையைத் திட்டமிடுவதற்கு முதலில் வேண்டியவை இந்த மூன்றுமே என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் பகுதி இளைஞர்கள் சிலரோடு தோட்டப் பிரிவுகளை நடந்து பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். அங்கே கண்டவற்றையும் இது பற்றிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தீயணைப்புத் துறையினர் ஓர் ஊரின் இடர்களை மதிப்பிடும்போது, எந்த ஆபத்து எங்கே எவ்வளவு அடிக்கடி நேரலாம், நேர்ந்தால் யாருக்கு எவ்வளவு இழப்பு, அதைத் தாங்கவும் எதிர்கொள்ளவும் அங்கே என்ன இருக்கிறது என்று மூன்று பக்கங்களிலும் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் இதற்கென்றே 1300 என்ற இலக்கத்தில் ஒரு நியமம் வைத்திருக்கிறது. அதே சங்கத்தின் 1710ஆம் நியமம், முழுநேர ஊழியர்களைக் கொண்ட படைகளின் முதல் வண்டி புறப்பட்டு 4 நிமிடத்தில் இடத்தை அடைய வேண்டும் என்ற இலக்கை வைக்கிறது. அந்த 4 நிமிடத்தை மஸ்கெலியாவிலோ ராகலையிலோ உள்ள ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில், அதாவது மலையின் மேற்பகுதியில் உள்ள பிரிவில், வைத்துப் பார்த்தால், நமது மதிப்பீடு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது விளங்கும். வண்டி பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திரும்புவதற்கே அந்த நேரம் போதாது. ஆகவே தீயின் முதற் கட்டம் முழுவதும் லயனில் இருப்பவர்களின் கையிலேயே இருக்கிறது. திட்டம் அவர்களை மையமாகக் கொண்டு எழுதப்பட வேண்டும்.

லயனின் கட்டமைப்பை முதலில் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 10க்கு 12 அடி அளவிலான காம்பராக்கள் (அறைகள்) வரிசையாகவும், இரட்டை லயன்களில் முதுகோடு முதுகாகவும், ஒரே தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்டிருக்கின்றன. நாங்கள் பார்த்த பழைய லயன்கள் பலவற்றில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைத் தகரம் வரை எழவில்லை. சுவருக்கு மேலே உள்ள இடைவெளியில் மரச் சட்டங்களும், குளிருக்காகவும் தூசிக்காகவும் அடித்த சாக்கும் பொலித்தீனும் அட்டைகளும் தொடர்ச்சியாக ஓடுகின்றன. தொங்கல் வீட்டில், அதாவது வரிசையின் கடைசி வீட்டில், பிடித்த தீ நடு வீட்டுக்காரர் கதவைத் திறப்பதற்குள் அவர்களுடைய தலைக்கு மேலே வந்து நிற்பது இதனாலேயே. அடுப்புக்கு மேலே பரணில் காயும் விறகு, இஸ்தோப்பை (முன் திண்ணையை) மறைத்துப் பலகையால் கட்டிய அறை, ஒரு காம்பராவுக்கெனக் கொடுத்த மின் இணைப்பிலிருந்து பின்பக்கத்து அறைகளுக்கும் இழுத்த கம்பி ஆகியவை இதனோடு சேர்கின்றன. குடும்பம் பெருகியபோது வேறு இடம் கிடைக்காததால் கட்டப்பட்ட அறைகள் அவை. அவற்றைக் குற்றமாக எழுதும் எந்த ஆய்வையும் நான் ஏற்க மாட்டேன். மின்னொழுக்கு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பதை வீட்டுக்கு வீடு பார்த்து எழுதுவதே பயன் தரும்.

அடுத்தது தண்ணீர். மலையகத்தில் ஆறுகளுக்கும் ஓடைகளுக்கும் குறைவில்லை என்பதால் தண்ணீர் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. ஆனால் ஓடை பள்ளத்தில் ஓடுகிறது, லயன் மேட்டில் நிற்கிறது. குழாயில் நீரை 10 மீற்றர் உயர்த்த ஏறக்குறைய 1 பார் அழுத்தம் செலவாகிறது. பாதையிலிருந்து 60 மீற்றர் மேலே உள்ள லயனுக்கு நீர் ஏறுவதற்கே 6 பார் போய்விடும், குழாயின் உராய்வு அதற்கு மேல். பள்ளத்து நீரை உறிஞ்சுவதிலும் உயரம் குறுக்கிடுகிறது. கடல் மட்டத்தில் ஒரு பம்பு கோட்பாட்டளவில் 10.3 மீற்றர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சலாம் என்றால், 1,800 மீற்றருக்கு மேல் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவதால் அது ஏறக்குறைய 8 மீற்றராகிறது. நடைமுறையில் கிடைப்பது அதைவிடவும் குறைவு. கொழும்பில் சரியாக வேலை செய்யும் பம்பையும் குழாய் நீளத்தையும் அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். எனவே ஒவ்வொரு பிரிவிலும் வண்டி எதுவரை போகும், அங்கிருந்து லயனுக்கு எத்தனை மீற்றர் ஏற்றம், மாசி பங்குனியில் ஓடையிலும் தொட்டியிலும் எவ்வளவு நீர் நிற்கும், தேயிலை ஸ்டோரின் (தொழிற்சாலையின்) தொட்டியிலிருந்து எடுக்க அனுமதி உண்டா என்பவை குறிக்கப்பட வேண்டும். மழைக்காலத்தில் அளந்த ஓடையை நம்பித் திட்டம் எழுதக்கூடாது.

மக்களைப் பற்றிய பகுதியே மதிப்பீட்டின் உயிர். தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் காலை பெரட்டுக்குப் பிறகு லயனில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள், நோயாளிகள், புள்ளக்காம்பராவுக்கு (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு) அனுப்பப்படாத சிறு குழந்தைகள். தாய் மத்திய கிழக்கிலும் தகப்பன் கொழும்பிலும் வேலை செய்ய, பிள்ளைகளைப் பாட்டி பார்த்துக்கொள்ளும் வீடுகள் பல உண்டு. இரவில் எல்லோரும் இருப்பார்கள். ஆனால் ஒரு காம்பராவில் ஒரே வாசல் என்ற நிலையில் பலர் உறங்குவார்கள். ஒரே லயனுக்குப் பகலில் ஒரு மதிப்பெண்ணும் இரவில் இன்னொன்றும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இழப்பைக் கணக்கிடும்போது பொருட்களின் விலையோடு நின்றுவிடுவதும் சரியில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003இல் வந்த சட்டம் வரை அதற்கு முழுத் தீர்வு கிடைக்கக் காத்திருந்த ஒரு சமூகத்தில், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் எரிந்துபோவது மற்ற இடங்களில் எரிவதைவிடப் பெரிய இழப்பு. ஆவணங்களின் பிரதிகளை வேறோர் இடத்தில் வைத்திருக்கும் வீடுகள் எத்தனை என்பதும் பாதிப்புறும் தன்மையின் ஓர் அளவுகோலே.

மலையகம் முழுவதற்கும் ஒரே பருவகாலத் திட்டம் எழுதவும் முடியாது. தென்மேல் பருவக்காற்று அட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்துக் கொண்டிருக்கும் அதே ஆடி ஆவணியில், மலையைத் தாண்டிய ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை வட்டாரங்களில் மானாப்புல் வெளிகளும் பைனஸ் காடுகளும் எரிவது அந்தக் காலத்தில்தான். காற்றும் சரிவும் சேர்ந்தால் தீ மேல் நோக்கி மிக வேகமாக ஓடும், சரிவின் உச்சியில் லயன் இருந்தால் அது தீயின் வழியில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான தீ மனிதர்கள் வைத்தது என்பதால், கால்நடைக்கு இளம்புல் வேண்டிக் கொளுத்துபவரோடு பேசுவதும் தீயணைப்பு வேலையே.

மண்சரிவு வேறு, தீ வேறு என்று கோப்புகளைப் பிரிப்பதும் இங்கே பொருந்தாது. வீதியை மண் மூடினால் தீயணைப்பு வண்டியும் நின்றுவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது வீதிகள் பல துண்டிக்கப்பட்டதைப் பார்த்தோம். இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை முதலில் தோண்டி எடுக்க முயன்றவர்கள் பல இடங்களில் அயலவர்களே. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடம் பற்றி எச்சரித்திருந்தது. மதிப்பீடு இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. எந்த மதிப்பீட்டிலும் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதைச் செய்ய வேண்டிய அலுவலரின் பதவியும் முடிக்க வேண்டிய திகதியும் எழுதப்படாவிட்டால், அது கோப்பில் உறங்கிவிடும்.

நகரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவற்றை எவரும் மறப்பதில்லை. ஒட்டிக் கட்டிய கடைத்தெருக்கள், கேஸ் சிலிண்டர் விற்பனை நிலையங்கள், விவசாய இரசாயனக் களஞ்சியங்கள், ஏப்ரலில் நிரம்பி வழியும் நுவரெலியா விடுதிகள் ஆகியவை கணக்கில் வர வேண்டும். தேயிலை ஸ்டோர்களில் உலர்த்தும் அடுப்புகளும், மேல்மாடியில் கொழுந்து வாட்டும் மரத்தளங்களும், படியும் தேயிலைத் தூளும் ஒரே கட்டடத்தில் இருப்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். இவற்றில் எதுவும் நிலையாக நிற்பதில்லை. 2022இன் நெருக்கடியில் கேஸ் கிடைக்காமல் வீடுகள் விறகுக்குத் திரும்பின, பெற்றோல் போத்தல்களில் வீட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டுக்கு முன் எழுதிய எந்தப் பட்டியலும் சில மாதங்களில் பழசாகியது.

பொறுப்பு யாருடையது என்பதில் நீண்ட காலக் குழப்பம் உண்டு. தீயணைப்புப் பிரிவுகள் பெரும்பாலும் மாநகர, நகர சபைகளிடமே இருக்கின்றன. தோட்டங்களோ பிரதேச சபைகளின் எல்லைக்குள் வருகின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின்படி சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவு செய்யத் தடை இருந்தது, அது 2018இல் திருத்தப்பட்டது. இப்போது சட்டம் தடுக்கவில்லை. ஆனாலும் பழைய பழக்கம் வரைபடங்களில் தொடர்கிறது. சபையின் வரைபடத்தில் தோட்டம் ஒரு பச்சைத் திட்டாக மட்டும் இருந்தால், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117க்கு அழைப்பவர் எந்த லயனைச் சொல்கிறார் என்று மறுமுனையில் இருப்பவர் எப்படி அறிவார்? வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் இல்லாத இடங்களுக்கு, பிரிவு, லயன், தொங்கலிலிருந்து எத்தனையாவது வீடு என்ற முறையில் ஒரு முகவரிப் பட்டியல் உடனே வேண்டும்.

நாங்கள் பயன்படுத்தும் படிவத்தில், நேரக்கூடிய வாய்ப்புக்கும் விளைவுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்கும் வழக்கமான முறையை முதலில் வைத்திருந்தோம். அதில் எல்லா லயன்களும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நின்றன. உதவி வரும் நேரம், நீரின் தூரம், உதவி வேண்டுவோர் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பத்திகளாகச் சேர்த்த பின்பே எது முதலில் என்ற வேறுபாடு தெரிந்தது. அந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், மேற்பிரிவுகளுக்கு முதலில் வேண்டியவை இருவர் தூக்கக்கூடிய பம்பு, போதிய குழாய், நீர் குறையாத தொட்டி, காம்பராக்களுக்கு இடையே கூரை வரை எழுப்பிய சுவர், பயிற்சி பெற்ற பத்துப் பேர். பெரிய வண்டி அதற்குப் பின்னர் வரலாம். பம்பு ஸ்டோரில் பூட்டி வைக்கப்படுமானால், இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாத நாளில் யாரிடம் இருக்கும் என்பதும் அந்தப் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும்.