சும்மா நன்றி சொல்லத்தான்

"தொகையைக் கூட்டித் தரச் சொல்லவா கூப்பிட்டீங்க?" என்று எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு மாதாமாதம் நன்கொடை அனுப்பும் அந்த அம்மா போனில் கேட்டார்.

"இல்லம்மா, சும்மா நன்றி சொல்லத்தான்" என்றேன்.

பொய். என் எதிரே திறந்திருந்த எக்ஸல் பட்டியலின் தலைப்பே 'தொகையை உயர்த்தக் கேட்க வேண்டியவர்கள்'. அவர் பெயர் 14-வது வரிசையில் இருந்தது.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் வந்துவிட்டது. அதற்கு முன் அவர் சொன்னது அப்படி: "6 வருஷமா மாசாமாசம் அனுப்புறேன். ரசீது வருது, மெயில் வருது. மனுஷக் குரல் இன்னைக்குத்தான் கேக்குது." இதைக் கேட்ட பிறகு ஸ்கிரிப்டின் அடுத்த வரியைப் படிக்க யாருக்கு மனசு வரும்? "ஆமாம்மா, கேட்கத்தான் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் கூப்பிடாதது எங்கள் தப்பு" என்று சொல்லியிருக்கலாம்தான். ராத்திரி படுத்துக்கொண்டு யோசிக்கும்போது அழகாக வருகிறது. போனில் வரவில்லை.

அப்புறம் நிறைய நேரம் பேசினார். மறைந்த கணவரின் நினைவாக ஆரம்பித்த கொடை அது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் என்று குறிப்பிட்டுத் தருவதால், அதிலிருந்து அலுவலக வாடகைக்கோ சம்பளத்துக்கோ எடுக்க முடியாது. அதை உறுதியாகச் சொன்னேன். "இப்போ எந்த வகுப்புப் பிள்ளைங்களுக்குப் போகுது?" என்றதற்கு எனக்கே பதில் தெரியவில்லை. விசாரித்து இரண்டு நாளில் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். இதை விடாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குச் சாதகமாகச் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

அடுத்த மாதம் தொகையை இரண்டு மடங்காக்கிவிட்டார். யாரும் கேட்கவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். "நான் கேட்கவே இல்லை சார், நன்றி மட்டும் சொன்னேன்" என்றேன். அதே வாக்கியம்தான், ஆனால் இப்போது உண்மையாகிவிட்டிருந்தது. மேலதிகாரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் விதியாகவே ஆக்கிவிட்டார்: முதல் கொடை வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு அழைப்பு, அதில் பணம் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். மாதக் கொடையாளர்கள் பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டு விலகுவதில்லை. கார்டு காலாவதியாகும், புது எண்ணைத் தரமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கே நம்மை யாருக்கோ தெரியும் என்று நினைப்பவர் புது எண்ணைத் தேடிப்பிடித்துத் தருகிறார். போனவரின் இடத்துக்கு இன்னொருவரைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவும் அலைச்சலும் இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியில் நன்கொடையாளர் உரிமைச் சாசனத்தையும் வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் நிதி திரட்டுவோரின் சங்கங்கள் சேர்ந்து 1993-ல் எழுதியது, மொத்தம் 10 உரிமைகள். கடைசி உரிமை, கேட்ட கேள்விக்கு உடனடியாக, உண்மையாக, ஒளிவுமறைவில்லாமல் பதில் பெறுவது. அந்த இடம் வந்தால் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடுகிறேன்.

சில சமயம் எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். நன்றி அழைப்பு என்று நாங்கள் வைத்திருப்பதில் மட்டும் எதிர்பார்ப்பு இல்லையா? பட்டியலைப் பெரிய தொகையிலிருந்துதானே வரிசைப்படுத்துகிறோம்? அப்படிப் பார்த்தால் என் பொய், எல்லோரும் நாகரிகமாகச் செய்வதைச் சற்று அவசரமாகச் செய்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த வாதம் முடிந்ததும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: அவர் எங்களைப் பொதுவாகக் கேட்கவில்லையே. நேராக என்னைத்தானே கேட்டார்?

இன்னொன்றும் உண்டு. நான் "நன்றி சொல்லத்தான்" என்றதும் அவர் உடனே பேசவில்லை. லேசாகச் சிரித்தது மாதிரி இருந்தது. பிறகு "சரிப்பா" என்றார். அந்த "சரி"யை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நம்பிச் சொன்ன சரியா, தெரிந்தும் பெரிய மனசோடு விட்டுக்கொடுத்த சரியா? நம்பியிருந்தால் நான் ஏமாற்றியிருக்கிறேன். தெரிந்தே தொகையைக் கூட்டியிருந்தால், எங்கள் பயிற்சியில் இருக்கும் 'உறவு வளர்ப்பு' என்கிற பாடத்தை நடத்தியது அவர்தான், நான் இல்லை. அன்று டேட்டாபேஸில் நான் போட்ட குறிப்பு: 'நன்றி அழைப்பு. கொடையாளர் மகிழ்ச்சி.'

இந்த வருடப் பட்டியல் வந்திருக்கிறது. அவர் பெயர் இப்போது 3-வது இடத்தில். பிரித்துக் கொடுத்தபோது புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் போனது. "இவங்களை நானே பார்த்துக்கறேன்மா" என்று வாங்கிக்கொண்டேன். மூன்று வாரம் ஆகிறது. நேற்று அந்தப் பெண் வந்து, "சார், அவங்ககிட்ட பேசிட்டீங்களா?" என்று கேட்டாள்.

லைன் கிடைக்கவில்லை என்று சொன்னேன்.