பியோங்யாங்கில் டேக்வாண்டோ வகுப்பு

வட கொரிய டேக்வாண்டோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, உடம்பால் செங்கல்லை நொறுக்கும் சிப்பாய்கள். 2021 அக்டோபரில் ஆயுதக் கண்காட்சியின்போது கிம் ஜோங் உன் முன்னால் செய்து காட்டினார்களே, அது. அது படைவீரர்களின் சாகசக் காட்சி. டேக்வாண்டோ வகுப்பு அப்படி இருக்காது. வேடிக்கை பார்க்கப் போனவருக்கு அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும்.

அங்கே இந்தக் கலைக்கு வயது அதிகமில்லை. தென் கொரியாவின் ஜெனரலாக இருந்து, 1972-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த சோய் ஹோங் ஹி, 1980-இல் ஒரு குழுவோடு பியோங்யாங் போய்ச் செய்துகாட்டினார். அவர் தொடங்கிய ஐடிஎஃப் எனும் சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பின் ஆசிரியர்கள் அதன்பின் அங்குள்ள முதல் தொகுதிப் பயிற்றுநர்களைத் தயார் செய்தார்கள். சியோலில் நிலைமை வேறு. அங்கே 'குவான்' எனப்படும் பல பள்ளிகள் முன்பே இருந்தன, எது சரியான உதை என்று ஆண்டுக்கணக்கில் சண்டையும் இருந்தது. பியோங்யாங்குக்கு ஒரே ஆளின் பாடம் முழுசாக வந்து இறங்கியது. "எங்க மாஸ்டர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்" என்று வாதாட அங்கே ஆளில்லை. வட கொரிய அணிகளின் துல்லியத்தைப் பார்த்து எல்லோரும் கட்டுப்பாட்டைப் பாராட்டுகிறார்கள். மூலம் ஒன்றே ஒன்று என்பதற்கும் அதில் சமபங்கு உண்டு.

பாடத்தின் உயிர் 'துல்' எனும் அசைவு வரிசைகள். மொத்தம் 24. முதலாவதான சோன்-ஜியில் 19 அசைவுகள். அதில் நடைநிலையிலிருந்து எல்-நிலைக்கு மாறும் இடத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நடைநிலைக்கு நீளம் ஒன்றரைத் தோளகலம், அகலம் ஒரு தோளகலம், எடை இரண்டு காலிலும் பாதிப்பாதி. எல்-நிலையில் பின்காலுக்கு 70 சதவீதம், முன்காலுக்கு 30. கால்வைப்பு மாறும், எடை பழைய இடத்திலேயே தங்கிவிடும். முன்காலைச் சட்டென்று தூக்கச் சொன்னால் குட்டு வெளிப்படும்: உடம்பு முதலில் பின்னால் சாயும், கால் பிறகுதான் எழும்பும்.

அடுத்தது 'சைன் அலை'. முழங்காலைத் தளர்த்தி உடம்பு சற்று இறங்க வேண்டும். நகரும் கால் நிற்கும் காலைக் கடக்கையில் எழும்ப வேண்டும். கடைசியில் முழு எடையோடு இறங்க வேண்டும். கை, பாதம், மூச்சு மூன்றும் ஒரே கணத்தில் முடிய வேண்டும். எழும்புகையில் முழங்காலை விறைத்துக்கொண்டால் அலை போய்த் துள்ளல் வந்துவிடும். தோள் இறுகினால் கை முந்திக்கொள்ளும், பாதம் பிறகு தொப்பென்று விழும். ஆசிரியர் 'ஹனா, துல், செத்' (கொரிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று) என்று அவசரமாக எண்ணினாலும் இதே கோளாறுதான். கைகளை இடுப்பில் வைத்துக் கால் மட்டும், அப்புறம் கை, கடைசியில் மூச்சு என்று பிரித்துச் செய்வதுதான் இதற்கு மருந்து. ஐந்து பேர் சேர்ந்து செய்யும் அணிப் போட்டியில் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்க வழியில்லை, மூச்சொலியே தாளம்.

துல்களின் பெயர்களில் அரசியலும் உண்டு. கோ-டாங் என்றொரு துல் இருந்தது. அது சோ மான்-சிக்கின் புனைபெயர்: 1946-இல் வடக்கில் சோவியத் படையினர் வீட்டுக்காவலில் வைத்த தேசியத் தலைவர். 1980-களில் அது நீக்கப்பட்டு, அந்த இடத்தில் வட கொரிய அரசுக் கொள்கையின் பெயரைத் தாங்கிய ஜூச்சே துல் வந்தது. 45 அசைவுகள். ஒற்றைக்காலில் நின்றபடி மிக மெதுவாக உதைக்க வேண்டிய இடங்கள் அதில் வரும். வேகம் இருந்தால் தடுமாற்றத்தை ஒளித்துவிடலாம், மெதுவாகச் செய்கையில் முடியாது. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நல்ல பாடம் அது. ஐடிஎஃபின் சில பிரிவுகளில் கோ-டாங் இன்றும் உயிரோடிருக்கிறது. சோய் வகுத்த மாணவர் உறுதிமொழியின் நான்காம் வரி, சுதந்திரத்துக்கும் நீதிக்கும் காவலாக இருப்பேன் என்கிறது. அது எந்த ஊரில் அச்சேறினாலும் அதே வரிதான்.

இந்த முறை சறுக்கும் இடம் நேருக்கு நேர் ஆட்டம். ஐடிஎஃப் விதியில் முகத்தில் குத்தலாம். குத்துக்கு 1 புள்ளி, உடலில் உதைத்தால் 2, தலையில் உதைத்தால் 3. துல்லிலோ குத்தாத கை இடுப்புக்கு இழுக்கப்படுகிறது. அந்தப் பழக்கத்தோடு களமிறங்குபவரின் தாடை திறந்தே கிடக்கும். உடம்பு எழும்பும் நேரத்தை எதிராளி படித்துவிட்டால் அந்த இடைவெளியிலேயே அடி விழும். ஒரே தாளத்தில் பழகியவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருந்தால் இந்த ஓட்டை தெரியாது. அதற்கு வெளியூர் எதிராளிகள் வேண்டும். 1992, 2011, 2017 ஆண்டுகளில் உலகப் போட்டியைப் பியோங்யாங்கிலேயே நடத்தியதால் அவர்கள் வாசலுக்கே வந்தார்கள். 2020 ஜனவரியில் எல்லை அடைக்கப்பட்டதும் அதுவும் நின்றது. 2023 ஆகஸ்டில்தான் ஓர் அணி பஸ்ஸில் எல்லை தாண்டி, சீனா வழியாகக் கஜகஸ்தானின் அஸ்தானாவுக்குப் போய் மறுபடி வெளியாட்களோடு மோதியது.