ஈரமான உமி

அக்டோபர் 6
எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்துவிட்டது. நீர் மாத்திரை வலியையும் குறைக்குமா என்று பார்க்க 24 சுண்டெலிகள், குழுவுக்கு 6.

அக்டோபர் 9
மழை. தக்கலையில் பஸ் நகரவேயில்லை.

அக்டோபர் 10
ஹாட் பிளேட், வலி எப்போது தெரிகிறது என்று பார்க்கும் சூடான தட்டு, 55 டிகிரி. எலி பாதத்தை நக்கினாலோ குதித்தாலோ கடிகாரத்தை நிறுத்த வேண்டும். எதுவும் செய்யாவிட்டாலும் 15 நொடியில் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதம் வெந்துபோகும். ஒன்றை 9 நொடியிலேயே தூக்கிவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. அந்த அளவு செல்லாது என்று நோட்டில் எழுதினேன்.

வீட்டில் அப்பா கால் நீட்டிப் படுத்திருக்கிறார். "முட்டு வலி இன்னைக்கு கொள்ளாம் மக்களே." காலையில் நீர் மாத்திரை போட்டிருக்கிறார்.

அக்டோபர் 11
நீர் மாத்திரையில் இருக்கும் ஃப்யூரோசிமைட் கிட்னியில் உப்பை இழுக்கும் வாயிலை அடைக்கிறது. அதன் கூடப்பிறந்த வாயில், என்கேசிசி1, வலி நரம்பு செல்களில் இருந்துகொண்டு குளோரைடை உள்ளே சேர்க்கிறது. அதையும் இந்த மருந்து அடைக்கும். அப்படியென்றால் அப்பா சொன்னது?

அக்டோபர் 14
அசெட்டிக் அமிலம் 0.6 சதவீதம், 25 கிராம் எலிக்கு 0.25 மில்லி, வலி உண்டாக்க வயிற்றுக்குள். பிறகு 20 நிமிடம் எண்ண வேண்டும். வயிறு ஒட்டி, உடம்பு நீண்டு, பின்னங்கால் இழுபடும் ஒவ்வொரு தடவையும். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. எந்த எலிக்கு எந்த மருந்து என்று எனக்குத் தெரியக்கூடாது. பட்டியல் ஒட்டிய கவரில் கைடு மேசையில் இருக்கிறது. ஆனால் கூண்டில் விரித்த உமி நனைந்திருக்கிறதே! எது நீர் மருந்து என்று பார்த்தவுடனே தெரிகிறது. தெரிந்த பிறகு, பாதி இழுத்த காலை நான் எண்ணாமல் விட்டுவிட்டால்? இது நிஜமாகவே வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருக்கிறது. அந்த ஆசைதான் பயம். இன்று எண்ணியதைத் தள்ளிவைக்கிறேன். என்ன மருந்து என்றே அறியாத ஜூனியரை எண்ணச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 15
அவள் எண்ணினாள். நான் வராந்தாவில் நின்றேன்.

அக்டோபர் 17
சில எலிகள் அசையாமல் மூலையில் கிடந்தனவாம். வலி இல்லாமலா, நீர் வற்றித் துவண்டா? துவண்ட எலியும் காலை இழுக்காது. எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரோட்டாராட் வைக்காமல் விட்டது என் தவறு. சுழலும் தண்டில் நிற்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் 18
அப்பா சாயங்காலம் வரை எழும்பவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மக்களே."

அக்டோபர் 19
அப்பாவுக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. மாத்திரையை மாற்றினார்கள். ஏத்தம்பழம் வாங்கினேன்.

அக்டோபர் 21
கவரைப் பிரிக்க வேண்டாம் என்று கைடிடம் சொல்லிவிட்டேன். ரோட்டாராடுக்காகக் கமிட்டிக்கு மறுபடி எழுதுகிறேன். இன்னும் எத்தனை எலிகள் வேண்டும் என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது.