555 மீட்டர் உயரத்தில் ஒரு மாலைப்பொழுது

புர்ஜ் கலீஃபாவின் 148-ஆவது தளத்துக்குச் சிறப்பு நுழைவுச்சீட்டு எடுத்ததற்குக் காரணம் அம்மாவின் முழங்கால்தான். அந்தக் கட்டடத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் 452 மீட்டர் உயரத்திலுள்ள 124-ஆவது தளத்துக்கும் அதற்கு அடுத்த 125-ஆவது தளத்துக்கும் செல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தனியாக வந்தபோது நானும் அங்குதான் சென்றேன். சூரியன் மறையும் நேரத்தில் எல்லோருடைய விருப்பமும் மேற்குப் பக்கக் கண்ணாடியை நோக்கியே இருப்பதால், அங்கே ஓர் இடம் கிடைக்க வெகுநேரம் நிற்க வேண்டும். அம்மாவால் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க இயலாது. 148-ஆவது தளத்திலோ சிறு சிறு குழுக்களாக, வழிகாட்டி ஒருவருடன் அழைத்துச் செல்கிறார்கள். அமர்ந்து பார்க்க இருக்கைகளோடு ஓய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் பொதுச் சீட்டைவிட மிகவும் அதிகம். சூரியன் மறையும் வேளைக்கு அது இன்னும் கூடுதல். வாங்கும்போது மனம் சற்றுத் தயங்கியது உண்மை.

நாங்கள் சென்றது மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. அந்த நாட்களில் துபாயில் மாலை ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் மறைகிறது. இவ்வளவு செலவு செய்து மேலே செல்பவர்கள் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே மறையும் நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாக மேலே இருக்கும்படி சீட்டு எடுத்துக்கொள்வது நல்லது. கோடை மாதங்களில் தூசியும் வெப்பப் புகைமூட்டமும் சேர்ந்து, எவ்வளவு உயரம் ஏறினாலும் சில கிலோமீட்டருக்கு அப்பால் எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. என் முதல் பயணம் ஆகஸ்டில் அமைந்ததால், கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்கியது என்று அன்று எனக்குத் தெரியவே இல்லை.

தரைத்தளத்தில் எங்களை ஒரு கூடத்தில் அமரவைத்து, பேரீச்சம்பழமும் கஹ்வா எனப்படும் அரபுக் காப்பியும் கொடுத்தார்கள். நாம் அறிந்த காப்பியின் நிறம் அதற்கு இல்லை. வெளிர்மஞ்சளாக, ஏலக்காய் மணத்தோடு, கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றுகிறார்கள். கிண்ணம் காலியானதும் மறுபடி ஊற்றிக்கொண்டே இருந்தார் பரிமாறியவர். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக அசைத்துக் காட்ட வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். நான் சொல்ல மறந்துவிட்டதால் அம்மா மூன்று கிண்ணம் குடித்துவிட்டார். சர்க்கரையே இல்லாத அந்தக் காப்பி பேரீச்சம்பழத்தோடு எவ்வளவு நன்றாகச் சேர்கிறது என்று பிறகும் இரண்டு நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஏறும் மின்தூக்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் 125-ஆவது தளத்தில் கொண்டுபோய் விட்டது. அவ்வளவு வேகம் உடலுக்குத் தெரியவில்லை. காதுகளுக்கு மட்டுமே தெரிந்தது. எச்சிலை விழுங்குமாறு அம்மாவுக்குச் சொன்னேன். அங்கிருந்து வேறொரு மின்தூக்கிக்கு மாறி 148-ஐ அடைந்தோம்.

இது தரையிலிருந்து 555 மீட்டர். 2014 அக்டோபரில் இந்தத் தளத்தைத் திறந்தபோது உலகின் மிக உயரமான பார்வை மாடம் என்ற பெயர் இதற்கு இருந்தது. 2016-இல் ஷாங்காய் கோபுரம் 561 மீட்டரில் ஒரு மாடத்தைத் திறந்ததும் அந்தப் பெயர் அங்கே சென்றுவிட்டது. புர்ஜ் கலீஃபாவிலேயே 152 முதல் 154 வரையுள்ள தளங்களில், 585 மீட்டர் உயரம்வரை, பின்னர் இன்னோர் ஓய்வுக்கூடமும் வந்துவிட்டது. ஆறு மீட்டரும் முப்பது மீட்டரும் கண்ணுக்குத் தெரியக்கூடிய வேறுபாடுகள் அல்ல என்பதால் இந்தப் போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனால் வெளி முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது ஒன்று வியப்பைத் தந்தது. கட்டடத்தின் மொத்த உயரம் 828 மீட்டர். அப்படியானால் இவ்வளவு ஏறி வந்த பிறகும் எங்கள் தலைக்கு மேல் 273 மீட்டர் மீதம் இருந்தது. வேறு நகரங்களில் அந்த மீதமே ஒரு தனிப் பெருங்கட்டடமாக நிற்கும்.

முதலில் அம்மாவை ஓய்வுக்கூடத்தில் கண்ணாடியை நோக்கிய இருக்கையில் அமரவைத்தேன். பருகுவதற்கும் கொறிப்பதற்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது அந்த அமைதியைப் பற்றி. எங்கள் குழுவில் இருந்த சிலரும் முன்பே வந்திருந்த சிலரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை.

வெளியே இருப்பது திறந்த முற்றம். கண்ணாடித் தடுப்புகளுக்கு நடுவே காற்று நேராக முகத்தில் வந்து மோதுகிறது. உயர்ந்த மாடங்களின் திறந்தவெளிக்குத் தமிழில் ‘நிலாமுற்றம்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. அங்கே நின்றிருந்தபோது ‘டெர்ரஸ்’ என்ற சொல்லைவிட அதுவே என் மனத்தில் பொருந்தி நின்றது.

முற்றத்திலிருந்து கீழே பார்க்கும்போதுதான் இந்தக் கட்டடத்தின் வடிவம் புரிகிறது. நடுவே அறுகோண வடிவில் ஓர் உள்தண்டு. அதை மூன்று பக்கமும் முட்டுக்கொடுத்துத் தாங்கும் மூன்று சிறகுகள். உயரம் கூடக்கூட ஒவ்வொரு சிறகும் முறைவைத்து உள்வாங்கிக்கொள்வதால், கீழேயுள்ள படிக்கட்டு போன்ற மேற்பரப்புகள் ஒரு திருகுச்சுழலாகச் சுற்றி இறங்குகின்றன. அழகுக்காகச் செய்ததுபோல் தோன்றும் இது காற்றை ஏமாற்றுவதற்கான ஏற்பாடு. ஒரே அகலத்தில் நெடிதுயர்ந்த கட்டடத்தின் மீது காற்று மோதினால் அதன் இரு பக்கங்களிலும் மாறிமாறிச் சுழல்கள் உருவாகி, சீரான தாளத்தில் கட்டடத்தை அசைக்கத் தொடங்கும். அகலம் அடுக்குக்கு அடுக்கு மாறினால் அந்தச் சுழல்கள் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்துக்கு வர முடிவதில்லை. கட்டட வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஸ்மித்தும் கட்டமைப்புப் பொறியாளர் பில் பேக்கரும் காற்றுச் சுரங்கச் சோதனைகளின் வழியாகச் செதுக்கிய வடிவம் இது. முகத்தில் அடித்த காற்றை உணர்ந்தபடியே கீழே அந்தப் படிகளைப் பார்த்தபோது, படித்துத் தெரிந்துகொண்ட செய்தி கண்முன்னே நடப்பதுபோல் இருந்தது.

காலடியில் இருந்த கான்கிரீட்டைப் பற்றியும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 156-ஆவது தளம் வரை இது கான்கிரீட் கட்டடம். அதற்கு மேலேதான் எஃகு. 600 மீட்டருக்கும் கூடுதலான உயரத்துக்குத் தரையிலிருந்தே குழாய் வழியாகக் கான்கிரீட்டை ஏற்றியிருக்கிறார்கள். கோடை வெப்பத்தில் அது முன்கூட்டியே இறுகிவிடாமல் இருக்கப் பனிக்கட்டி கலந்து இரவு நேரங்களில் வார்த்தார்கள். 2004 தொடக்கத்தில் நிலத்தை அகழத் தொடங்கி, 2010 ஜனவரி 4 அன்று திறக்கப்பட்டதற்கு இடையில், பணி உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரே நாளில் சுமார் 12,000 பேர் இங்கே வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தெற்காசியத் தொழிலாளர்கள். நான் மின்தூக்கியில் ஒரு நிமிடத்தில் கடந்த உயரத்தில், கண்ணாடியும் கூரையும் இல்லாத நாட்களில், நள்ளிரவுக் காற்றில் நின்று கான்கிரீட்டைப் பரப்பியவர்களுக்கு என் மனத்தில் பெரிய மரியாதை உண்டு. கட்டடத்தின் பெயரோடு அவர்களையும் சேர்த்து நினைப்பதே முறை என்று நம்புகிறேன்.

ஐந்தே முக்கால் மணியளவில் மேற்கே கடல் வெள்ளித் தகடாக மாறத் தொடங்கியது. உலக வரைபடத்தைப்போல் கடலில் மணலைக் கொட்டி உருவாக்கிய ஏறத்தாழ 300 தீவுகள் மங்கலான திட்டுகளாகத் தெரிந்தன. தென்மேற்கில், 321 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் அல் அரபு கரையோரத்தில் நிறுத்திய சிறு பாய்மரம்போல் நின்றது. ஷேக் சாயித் சாலையின் இருமருங்கிலும் உள்ள உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் தம் உயரத்தை இழந்து, நட்டுவைத்த குச்சிகளாகிவிட்டன. இந்த இடத்தில் ஒரு கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: துபாய் நகரத்தைப் பார்ப்பதற்கு 124-ஆவது தளமே சிறந்தது. அங்கிருந்து தெருக்களையும் ஏரியையும் நகரும் வாகனங்களையும் பிரித்தறிய முடியும். 148-இலிருந்து பார்த்தால் நகரம் சுருங்கி, நிலம் விரிகிறது. பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய நாடாவாக இத்தனை மனித வாழ்வும் அமைந்திருப்பது அங்கேதான் தெரிகிறது.

தரையில் நிற்பவருக்குத் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடும். 555 மீட்டர் உயரத்தில் அது சுமார் 84 கிலோமீட்டர் அப்பால் தள்ளிப்போகிறது. அந்தத் தொலைவு வெறும் எண்ணாக இருந்தது, கிழக்குப் பக்கம் திரும்பும் வரை. சூரியன் மேற்கில் தாழத் தாழ, கட்டடத்தின் நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போனது. கடிகார முள்போல் ஒல்லியான அந்த நிழல் கூரைகளைக் கடந்து, சாலைகளைக் கடந்து, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து தங்கும் ராஸ் அல் கோர் ஈரநிலம் இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது. சூரியன் தொடுவானத்துக்கு ஐந்து பாகை மேலே இருக்கும்போது 828 மீட்டர் கட்டடத்தின் நிழல் ஒன்பது கிலோமீட்டரைத் தாண்டிவிடும். அதன் நுனி எங்கே மங்கி மணலோடு கலந்தது என்பதை என்னால் குறித்துச் சொல்ல இயலவில்லை.

பிறகு நடந்ததை முதலில் கவனித்தவர் அம்மாதான். இருக்கையிலிருந்து கண்ணாடியோரம் வந்து நின்றவர், "கீழே விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள், இங்கே இன்னும் வெயில் அடிக்கிறதே" என்றார். உண்மைதான். தரையில் சூரியன் மறைந்துவிட்டது. சாலை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அம்மாவின் முகத்திலோ செம்மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. உயரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுவதால், மார்ச் மாத மாலையில் இந்தத் தளத்தில் சூரியன் தரையைவிட மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிக நேரம் தங்குகிறது. இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு இது நடைமுறைக் கேள்வியாகவே எழுந்திருக்கிறது. 2011-இல், ரமலான் நோன்பு திறப்பதற்கு 80-ஆவது தளத்துக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-ஆவது தளத்துக்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று துபாயின் தலைமை முஃப்தி அறிவித்தார். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியென்றால் மாடி ஏற ஏறப் பசியும் நீளும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வெளியே பார்க்கத் தொடங்கினார்.

அந்த மூன்று நிமிடங்களில்தான் இந்தப் பயணத்தின் முழுப் பயனையும் நான் பெற்றேன். மாலை என்பது வானத்திலிருந்து இறங்குவதாகவே நாம் பேசுகிறோம். இருள் கவிந்தது என்கிறோம். அங்கே இருள் தரையிலிருந்து நீர்மட்டம்போல் ஏறி வந்தது. முதலில் தெருக்கள் மூழ்கின. அடுத்துத் தாழ்ந்த கட்டடங்கள். பிறகு முந்நூறு மீட்டர்க் கட்டடங்களின் உச்சிகள் ஒவ்வொன்றாகச் செந்நிறத்தை இழந்தன. கடைசியில் அது எங்கள் தளத்தையும் தொட்டு, தலைக்கு மேலே எஃகு முடியை நோக்கி ஏறிப்போனது. அதே வேளையில் கிழக்கு வானத்தின் அடியில் கருநீலப் பட்டை ஒன்றும், அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தோன்றின. அந்தக் கருநீலம் காற்றுமண்டலத்தின் மீது விழும் பூமியின் நிழல். தெளிந்த மாலைகளில் அது எங்கும் எழுகிறது என்றாலும், தரையில் நமக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஒரு சுவரோ மரமோ நின்றுவிடுகிறது. இங்கே ஒரு தடையும் இன்றி, பாலைவனத்தின் விளிம்பிலிருந்து அது மெல்ல எழுந்து, இளஞ்சிவப்பைக் கரைத்துக்கொண்டே மேலேறுவதை அமர்ந்தபடி பார்த்தோம்.

வழிகாட்டி வந்து நேரம் முடிந்ததைப் பணிவாகச் சொன்னார். 148-இல் தங்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. ஆனால் அதன்பின் 125-க்கும் 124-க்கும் இறங்கிப் பார்க்கலாம். சிறிது நேரம் அங்கும் நின்றோம். நூறு மீட்டர் இறங்கியதுமே நகரம் நெருங்கி வந்துவிட்டதுபோல் இருந்தது. சாலைகள் சிவப்பும் வெள்ளையுமாக ஓடின. கண்ணாடியோரம் கூட்டம் அடர்ந்திருந்தது. ஓர் இளைஞர் அம்மாவைப் பார்த்ததும் விலகி இடம் கொடுத்தார்.

கீழே வந்து ஏரிக்கரைச் சுவரோரம் அம்மாவை அமரவைத்தபோது நீரூற்றுக் காட்சி தொடங்கியது. மேலேயிருந்து பார்த்தபோது வெண்ணூல் துணுக்குகளாகத் தெரிந்த அதே நீர்த்தாரைகள், எங்கள் தலைக்கு மேல் உயர்ந்து, தெறித்து, அம்மாவின் கண்ணாடியை நனைத்தன. அவர் அதைக் கழற்றிப் புடைவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து, நாங்கள் அமர்ந்திருந்த தளம் எது என்று கேட்டார். விளக்கு வரிசைகளை எண்ணிக் காட்ட முயன்றேன். பாதி தூரத்திலேயே எண்ணிக்கை தவறிவிட்டது.